காற்றாடியின் வேகம்

ரெலாவ் அடுக்குமாடியின் பொதுமண்டபம்,
ஞாயிறு மாலைக் கூட்டம்.
ஈரக்குடை வாசம், கரிப்பாப் வாசம்.
ஆறாம் மாடிக்காரரின் ஹோண்டா காணாமல் போய்
அன்றோடு ஒன்பது நாள்.

"ஜாகாவை மாற்றிவிடுவோமா?"
தலைவர் மிஸ்டர் ஊய் மலாயில் ஒருமுறை கேட்டார்,
ஹொக்கியனில் ஒருமுறை,
எங்கள் பக்கம் திரும்பி
"மாத்தலாமா?" என்று சிரித்தபடி ஒருமுறை.

தில் பகதூர் கண்ணாடிக்கு வெளியே
யாருடைய காருக்கோ
தடுப்புக் கம்பத்தை உயர்த்திக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரியும்.
வண்டி போன இரவு அவனுக்கு விடுப்பு.
கொம்தார் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்தான்,
சட்டையை உள்ளே விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து,
ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதை
நான்காய் மடித்து, பிரித்து, மறுபடி மடித்து.

அன்னைக்கு அவனுக்கு லீவு. நான் பஸ்ஸுல பார்த்தேன்.
ஆறே வார்த்தை.
நாக்கின் கீழ் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
தரம் பார்ப்பவள் நான்.
ஒரே ஒரு சில்லு கோணலாய் வந்தாலும்
மஞ்சள் கயிற்றை இழுப்பேன்,
இருநூறு பேர் வேலை நிற்கும்,
ஒருவரும் முறைக்க மாட்டார்கள்,
கயிறு இருப்பதே அதற்குத்தான்.
மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தேன்.
காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது.
பக்கத்தில் இரண்டு.
பால் பொங்குவது தெரியுமே:
ஓரத்தில் கொஞ்சம் நுரை,
ஒரு கணம் ஒன்றுமே இல்லை,
பிறகு அடுப்பெல்லாம்.
என் கை எப்போது போனது என்று
என்னைக் கேட்காதீர்கள், தோளைக் கேளுங்கள்.

நாற்பத்து மூன்று, என்று எழுதினார் கக் ரொஹாயா.
எதிர்ப்பு என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

மின்தூக்கியில் திருமதி தியோ
கீரைப் பையை மார்போடு அணைத்தபடி,
"காசியான் லா, அந்தப் பையன்" என்றார்.
"அப்புறம் ஏன் கை தூக்கினீர்கள்?"
"நீ தூக்கினாயே.
உனக்கு ஏதோ தெரியும் என்று நினைத்தேன்."

எனக்கு ஏதோ தெரியும்தான்.

நான் பார்த்தது அஸ்மானின் கையை.
அஸ்மான் பார்த்தது முன்வரிசைத் திரவியராசாவை.
மூன்று நாள் கழித்து
குப்பைத் தொட்டியருகே அவரைப் பிடித்தேன்.
"நானா?" என்றார்.
"காத்தாடியக் குறைக்கச் சொல்லித்தாம்மா தூக்கினேன்.
தாளெல்லாம் பறந்துச்சு.
திரும்பிப் பார்த்தா எல்லாரும் தூக்கிட்டாங்க.
அப்புறம் எப்படி எறக்குறது?"

சிரித்தேன். அவரும் சிரித்தார்.
கட்டிய பையையே
ஆளுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டோம்.

போகும்போது தில் பகதூரின் சட்டைப்பை
புடைத்திருந்ததாம்.
ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்
திணித்த பத்து வெள்ளி நோட்டுகள்.
என்னுடையதும் அதில் ஒன்று.
கொடுத்தபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.
"நன்றி கக்" என்ற குரல் மட்டும்.

புது ஜாகா வந்தாயிற்று. பெயர் கேட்கவில்லை.
அதே நாற்காலி,
குட்டைக்காலின் கீழ்
நான்காய் மடித்த காகிதம் அப்படியே.

நேற்று மறுபடி கூட்டம், மின்தூக்கி பழுது பற்றி.
காற்றாடி ஐந்தில் ஓடியது.
தாள்கள் எழும்பின.
முழங்கையால் அழுத்தினோம், மைலோ பாக்கெட்டை வைத்தோம்,
அஸ்மான் தன் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டார்,
திரவியராசாவின் தாள் கதவு வரை போனது.
பார்த்துக்கொண்டே இருந்தார்.

யாரும் கை தூக்கவில்லை.